கூட்டுக்குள் தூக்கம் இல்லை

தம்பி தங்கைகளே, போன செமஸ்டர் எனக்கு இரண்டு பாடம் ஃபெயில். லீவில் அம்மாவின் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கூட்டுப்புழுவைப் பார்த்தேன். பட்டு நூலால் தன்னைக் காம்போடு கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. தூங்குதுன்னு நினைச்சேன். படித்துப் பார்த்தால், உள்ளே பெரிய வேலை!

புழுவின் தசைகள் பெரும்பாலும் கரைகின்றன. இறக்கைக்கான சின்னச் செல் தொகுதிகள் புழுவிலேயே இருந்தவை. அவை இப்போது முழு இறக்கைகளாக உருவாகின்றன. கூட்டுப்புழுவுக்குச் சாப்பாடே கிடையாது. புழுவாக இலை தின்று சேர்த்ததை வைத்துத்தான் வண்ணத்துப்பூச்சி உருவாகிறது.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. செமஸ்டர் முழுக்க எதையும் சேர்க்காமல், பரீட்சை வாரம் மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். இறக்கை எப்படி முளைக்கும்? இந்த முறை முதல் வாரமே புத்தகத்தைத் திறந்துட்டேன். நீங்க?