தனிப்படகும் கடலின் பொழுதும்

தாய்லாந்து நாட்டின் தென்மேற்குக் கரையில், அந்தமான் கடலை நோக்கிக் கிராபி என்னும் மாகாணம் உளது. 25 கோடி ஆண்டுகட்கும் முன்னர்ப் பெர்மியன் காலத்திற் படிந்த சுண்ணாம்புக்கல், அக்கரைக்கு எதிரே நீரினின்றும் செங்குத்தாய் எழுந்து பல தீவுகளாய் நிற்கின்றது. இவற்றைக் காணச் செல்வோர் இருதிறத்தர். ஒரு சாரார் முப்பது நாற்பது பேரோடு விரைவுப் படகொன்றில் ஏறிக் குறித்த மணிக்குக் குறித்த தீவில் இறங்கி, சீழ்க்கை கேட்டவுடன் மீண்டும் படகேறுவர். மற்றொரு சாரார் நாலைந்து பேர் ஒருங்குகூடி, படகொன்றை ஒரு நாளைக்கென்று தாமே அமர்த்திக்கொண்டு செல்வர். முன்னதற்குத் தலைக்கு இவ்வளவு என்றும், பின்னதற்குப் படகுக்கு இவ்வளவு என்றும் கட்டணம் பேசப்படும்.

பின்னதன் சிறப்பு யாது? தனிமை என்பர் பலர். வசதி என்பர் சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும் யாம் கருதுவது வேறு. தனிப்படகு அமர்த்துவோர் விலைகொடுத்துப் பெறுவது பொழுதைத் தெரிந்துகொள்ளும் உரிமையே. இன்ன தீவில் இன்ன நேரத்தில் இருப்போம் என்று தாமே வகுக்கலாம். அவ்வுரிமையை ஆளுமாறு அறியாதார்க்கு மிகுதியாய்க் கொடுத்த பணம் வீணேயாம். ஏனெனின் அக்கடலிற் பொழுதை வகுப்பது திங்களும் காற்றுமேயன்றி மனிதர் கைக்கடிகாரம் அன்று. ஆதலின் அவைபற்றிச் சில செய்திகளை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதலிற் படகைப்பற்றிக் கூறுவோம். அக்கரையிற் பெருவழக்காயுள்ள மரப்படகை அந்நாட்டார் 'ருவா ஹாங் யாவ்' என்பர். நீண்ட வாலையுடைய படகு என்பது பொருள். பெயரின் காரணம் பின்புறத்தே விளங்கும். மோட்டார் வண்டிக்குரிய இயந்திரம் ஒன்றைப் பின்னணியத்தில் ஒரு முளையின்மேல் எப்பக்கமும் திரும்புமாறு ஏற்றி, அதனின்றும் சில மீட்டர் நீளமுள்ள இரும்புத் தண்டொன்றை நீருக்குள் நீட்டி, அதன் நுனியில் விசிறியைப் பூட்டியிருப்பர். தனியே சுக்கான் என்பதொன்று இல்லை. படகோட்டி நின்றவாறே கைப்பிடியைப் பற்றி இயந்திரத்தையே திருப்புவான், படகும் திரும்பும். கைப்பிடியை அழுத்தினால் மறுநுனியிலுள்ள விசிறி நீர்மட்டத்திற்கு எழும்பும். ஆழமற்ற இடங்களிற் பாறையின்மீது உராயாமற் செல்லுதற்கு இவ்வமைப்புப் பெரிதும் உதவுகின்றது. குறையாவது அதன் பேரொலி. பக்கத்திலிருப்பவரோடு பேசுவதும் அரிது. காதிலடைக்கச் சிறிது பஞ்சு கொண்டுபோதல் நன்று. முன்னணியத்திற் பலநிறத் துணிகளும் மாலைகளும் கட்டப்பட்டிருக்கும். அவை படகைக் காப்பவளாக அவர்கள் போற்றும் 'மே யா நாங்' என்னும் தெய்வத்திற்கு உரியன. படகில் ஏறுங்கால் அத்துணிகளைப் பற்றிக்கொண்டு தொங்குதல் தகாது.

இனிக் காற்று. நவம்பர் முதல் ஏப்ரல் முடிய வீசுவது வடகிழக்குக் காற்று. தீபகற்பத்தின் நிலப்பகுதியும் மலைகளும் கிழக்கே நின்று அதனைத் தடுத்தலின், மேற்கரைக் கடல் அம்மாதங்களில் அமைதியாயிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுத் திறந்த கடலின்மேலாக நேரே வந்து அக்கரையைத் தாக்கும். நம் நாட்டிற் குற்றாலத்திற்குச் சாரல் கொணரும் காற்று எதுவோ அதுவே அங்குப் படகுகட்குப் பொல்லாதது. அக்காலத்தும் வெயிலடிக்கும் நாட்கள் உண்டு, வாடகையும் குறையும். இவ்விரண்டையும் கண்டு மயங்குவார் பலர். 2018ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், அண்டையிலுள்ள புக்கெட் தீவிற்கு அருகே, வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலிற் சென்ற உல்லாசப் படகொன்று புயலிற் கவிழ்ந்து 47 பேர் மாண்டனர். அதுவோ இச்சிறு மரப்படகினும் மிகப் பெரியது.

காற்றினும் நுட்பமாக அறியத்தக்கது ஓதம். நம் சென்னைக் கரையில் உவா நாட்களிலும் கடல் ஏறி இறங்கும் அளவு ஏறக்குறைய ஒரு மீட்டரே; ஆதலின் நம்மவர் பலர் ஓதத்தைப் பொருட்படுத்துவதில்லை. கிராபிக் கரையில் அவ்வளவு இருமடங்கிற்கும் மேற்படும். நாளொன்றுக்கு இருமுறை ஏற்றமும் இருமுறை வற்றமும் நிகழும். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே சற்றேறக்குறைய 6 மணி 12 நிமிடம் செல்லும். திங்கள் நாடோறும் பிந்தி உதித்தலின் இவையும் நாடோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமி இவற்றையொட்டி ஓதம் மிகும், அட்டமியையொட்டிக் குறையும். பஞ்சாங்கம் ஒன்று பையில் இருப்பின் பிரயாணத்தின் பாதி வேலை முடிந்ததென்றே சொல்லலாம்.

நீர் எந்நேரமும் ஒரே வேகத்தில் இறங்குவதன்று. மாலுமிகள் இதற்கு எளியதொரு கணக்கு வைத்திருக்கின்றனர். இறங்கும் அளவைப் பன்னிரு கூறாக்கினால், முதல் மணியில் 1 கூறும், இரண்டாம் மணியில் 2 கூறும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று கூறும், ஐந்தாம் மணியில் 2 கூறும், ஆறாம் மணியில் 1 கூறும் இறங்கும் என்பது அது. ஒரு நாட் காலை 8 மணிக்கு ஏற்றம் நிறைந்து பிற்பகல் 2 மணியளவில் வற்றம் முடிகிறதென்றும், இறக்கம் 1.8 மீட்டர் என்றும் கொள்வோம். 8 முதல் 9 வரை 15 சென்டிமீட்டரே குறையும். 10 முதல் 12 வரையுள்ள இரண்டு மணியிலோ 90 சென்டிமீட்டர் குறைந்துவிடும். 1 மணிக்குமேல் மீண்டும் 15 சென்டிமீட்டரே. இக்கணக்குத் தோராயமானதாயினும், ஒருநாட் பயணத்திற்குப் போதியது.

இதன் பயன் பின்வருமாறு விளங்கும். ஆவ் நாங் என்னும் கடற்கரையினின்றும் ஏறக்குறைய 8 கிலோமீட்டரில் போடா, காய், துப் முதலிய தீவுகள் நெருங்கியுள்ளன. காய் என்றாற் கோழி. அத்தீவின் ஒரு முனைப்பாறை கோழி கழுத்தை நீட்டினாற்போல் நிற்றலின் அப்பெயர். கடல் வற்றியவிடத்துத் தீவுகட்கிடையே வெண்மணற்றிட்டொன்று வெளிப்பட்டு அவற்றை இணைக்கும். மக்கள் ஒரு தீவினின்றும் மற்றொன்றிற்கு நடந்தே செல்வர். இதனைத் 'தலே வேக்', அஃதாவது பிளந்த கடல், என்று வழங்குவர். மேற்கூறிய நாளில் அத்திட்டைக் காணத்தக்க நேரம் 1 மணி முதல் 3 மணி வரை. 10 மணிக்கு அங்குச் சென்று நிற்பவன் வெறுங்கடலையே காண்பான். அட்டமியையொட்டிய நாளாயின் வற்றத்திலும் திட்டு முழுதும் வெளிப்படாது முழங்காலளவு நீர் நிற்றலும் உண்டு. மற்றுப் பவளப்பாறையின்மேல் நீர்க்கண்ணாடி அணிந்து மிதந்து காண்போர்க்கோ நீர் நிறைந்த நேரமே ஏற்றது. வற்றத்திற் கால் பாறையிற் படும். பாறையும் சிதையும், காலும் கிழிபடும். ஆகவே அந்நாளிற் காலையிற் பவளமும், நண்பகலிற் போடாவின் மரநிழலிற் கட்டுச்சோறும், பிற்பகலில் மணற்றிட்டும் என்று வகுப்பதே முறை. ஏழு நாள் கழித்துச் செல்பவன் இம்முறையை அப்படியே தலைகீழாக்கல் வேண்டும். ஏனெனின் அன்று காலை 8 மணியையொட்டி வற்றமும் பிற்பகல் 2 மணியையொட்டி ஏற்றமும் நிகழும். கூட்டப்படகின் கால அட்டவணை திங்களைப் பின்பற்றி மாறுவதில்லை. தனிப்படகின் பெருமை முழுதும் இவ்வொன்றில் அடங்கும்.

யாம் நால்வர் சென்றபோது, படகோட்டி முந்தின மாலையே ஓத அட்டவணையை எடுத்து விரித்து, எமக்கு எந்தத் தீவின்மேல் ஆசை என்று கேளாமல், நீந்தத் தெரியுமா என்பதையே முதற்கண் வினவினான். அத்தகையவனை அமர்த்துதல் நலம்.

ஓதத்தைப்பற்றிப் பேசுங்கால் மற்றொன்றையும் சொல்லாதிருத்தல் ஆகாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், நம் நாகப்பட்டினக் கரையைப் பாழ்படுத்திய ஆழிப்பேரலையே இத்தீவுகளையும் தாக்கிற்று. ஆங்குக் கடல் முதலில் உள்வாங்கிப் பின்னரே பொங்கி வந்தது. பீ பீ டோன் என்னும் தீவு இரு மலைகளை ஒரு தாழ்ந்த மணற்பட்டை இணைத்தாற்போன்ற அமைப்புடையது. கடைகளும் விடுதிகளும் நிறைந்த அப்பட்டையை அலை இருபுறமும் வந்து மூடிற்று. இயல்பான வற்றம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்தவன், சில நிமிடங்களிற் கடல் வெகுதூரம் விலகுவதைக் கண்டால் அது வற்றமன்றெனத் தெளிவான். மீனும் சிப்பியும் பொறுக்க இறங்காமல் மேட்டை நோக்கி ஓடுவான்.

பீ பீ தீவுகள் கிராபி நகரினின்றும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், திறந்த கடலில் உள்ளன. வாற்படகில் அவ்வளவு தூரம் போய் ஒரே நாளில் மீள்வதை யாம் ஒப்போம். பெரிய கப்பலிற் பீ பீ டோனை அடைந்து, அங்கே ஒரு வாற்படகை அமர்த்திக்கொண்டு, அருகேயுள்ள பீ பீ லே தீவைச் சுற்றிவருதலே தக்கது. பீ பீ லேயிற் குடியிருப்பு இல்லை. அதன் குகையொன்றிற் சிறு உழவாரக் குருவிகள் உமிழ்நீராற் கட்டும் கூடுகளைச் சூப்புக்காக விலைமதித்து எடுப்பார் உளர். அத்தீவில்தான் மாயா விரிகுடா இருக்கின்றது.

மும்மருங்கும் பாறைச்சுவர் சூழ, நடுவே வெண்மணற் கரையொன்றைக் கொண்ட இவ்விரிகுடாவில் 1999ஆம் ஆண்டில் ஆங்கிலத் திரைப்படம் ஒன்று எடுக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் அங்குச் செல்வோர் தொகை பெருகி, நாளொன்றுக்கு 5000 பேர் வரை இறங்கலாயினர். தனிப்படகு அமர்த்தியோர் கூட்டத்தைத் தவிர்க்க விடியற்காலையிற் சென்றனர். அனைவரும் அங்ஙனமே எண்ணியபோது விடியற்காலையும் கூட்டமாயிற்று. ஒவ்வொரு படகும் நங்கூரம் இட்டது. ஒவ்வொரு நங்கூரமும் பவளத்தின்மேல் விழுந்தது. கிளைத்து வளரும் பவளம் நன்கு செழிப்பின் ஆண்டிற்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். குன்றுபோல் திரண்டு வளரும் வகையோ ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே. ஓர் ஆள் உயரக் குன்று ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட வாழ்க்கை. அதனைப் புரட்ட நங்கூரத்திற்கு ஒரு நொடி போதும். போதாக்குறைக்கு, 2010ஆம் ஆண்டிற் கடல்நீர் அளவிறந்து வெம்மையுற்று அந்தமான் கடற் பவளங்கள் பல வெளுத்து மடிந்தன. வெம்மையைப் படகோட்டி தடுக்க இயலாது, நங்கூரத்தைத் தடுக்கலாம்.

2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அரசாங்கத்தார் விரிகுடாவை மூடினர். நான்கு மாதத்திற்கென்று மூடியது, 2022ஆம் ஆண்டு சனவரி வரை நீண்டது. வருவாய் இழந்தோர் முறையிட்டனர். அவர் துன்பமும் பொய்யன்று. படகோட்டிகளும் சிறுகடைக்காரரும் அப்பயணிகளையே நம்பியிருந்தனர். ஆயினும் அவ்விடைக்காலத்தில் ஆய்வாளர் பல்லாயிரம் பவளத்துண்டுகளை அடித்தளத்தில் நட்டனர். நெடுநாட் காணப்படாதிருந்த கருநுனிச் சுறாக்கள் கரையோர ஆழமற்ற நீருக்கு மீண்டன. இப்பொழுது படகுகள் விரிகுடாவினுள் நுழைதல் ஆகாது. தீவின் பின்புறமுள்ள லோ சாமா என்னுமிடத்தில் மிதவைத்துறையில் இறங்கி, மரப்பாலத்தின் வழியே நடந்து செல்லல் வேண்டும். ஒரு நேரத்தில் இத்துணைப் பேர் என்னும் வரம்பு உண்டு, நீந்துவதும் தடுக்கப்பட்டுளது. ஆகஸ்டு, செப்டம்பர் இரு மாதமும் அடைப்பு. தனிப்படகிற்கென்று இவற்றுள் ஒரு சலுகையும் இல்லை. இல்லாமையே நன்று என்பது எம் துணிபு.

தேசியப் பூங்காக்களில் 2021ஆம் ஆண்டு முதல் மற்றொரு விதியும் உண்டு. வெயிலுக்குப் பூசும் களிம்புகளில் ஆக்சிபென்சோன் முதலிய நான்கு இரசாயனங்களுள் ஒன்று இருப்பினும் அதனைக் கொண்டுசெல்லல் குற்றம். தண்டம் 100,000 பாட் வரை விதிக்கப்படும். நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் அணிவார்க்கு இக்கவலை இல்லை. மீன்களுக்கு ரொட்டி இடுதலும் தவிர்க்க. பாசியைத் தின்னும் மீன் ரொட்டிக்குப் பழகினாற் பாசி பவளத்தை மூடும்.

வாடகை பேசுமுன் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும்: நாளை வற்றம் எத்தனை மணிக்கு, ஆள் ஒன்றுக்கு ஒரு மிதவைச்சட்டை உளதா, பூங்காவின் நுழைவுக் கட்டணம் வாடகையுள் அடங்குமா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டுத் தீவிலே சச்சரவிட்டுக்கொள்வோரைப் பலமுறை காணலாம். மாலையில் வற்ற நேரத்தில் மீள்வதாயின், ஆவ் நாங்கிற் படகு கரைவரை வாராது. முழங்கால் நீரில் நடக்க வேண்டியிருத்தலின் தோற்பெட்டி முதலியன உதவா.

சில நாட்களிற் படகோட்டி காலையில் வானத்தைப் பார்த்து, இன்று போகலாகாது என்று கூறிவிடுவான். அவனோடு வழக்காடாது, கிராபி நகரினின்றும் தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரிலுள்ள குலோங் தோம் என்னும் ஊருக்குத் தரைவழியே செல்லலாம். அங்குள்ள 'மணிக்குன்று' எனப் பொருள்படும் குவான் லுக் பாட் என்னுமிடத்திற் பழங்காலக் கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் ஏராளமாய்க் கிடைத்தன. அவற்றோடு பொன் உரைக்கும் சிறு கல்லொன்றும் கண்டெடுக்கப்பட்டு, அவ்வூர்ப் பௌத்தக் கோயிற் காட்சிசாலையில் வைக்கப்பெற்றது. அதன்மேற் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டிற்குரிய தமிழ்ப் பிராமி எழுத்துக்களில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுளது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லன் எந்தக் காற்றில் வந்தான், எந்தக் காற்றிற்காகக் காத்திருந்தான் என்று அக்கல் கூறவில்லை.