ஔஷத தானமும் அண்டை மருத்துவ நிலையமும்

ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் நம் ஆசாரியர்கள். இவற்றுள் ஆகார தானத்திற்கும் சாஸ்திர தானத்திற்கும் நம் இல்லங்களில் குறைவில்லை. ஔஷத தானமோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருநாள் மருத்துவ முகாமோடு முடிந்துவிடுகிறது. ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே அறநூலுக்குச் சூட்டிய கணிமேதாவியாரும் காரியாசானும் பிறந்த மரபினர்க்கு இது போதுமா என எண்ணிப் பார்த்தல் நன்று.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து வந்து தாம்பரம், படப்பை வட்டாரத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. ஊரில் இருந்தவரை கைராசிக்கார வைத்தியர் ஒருவரேனும் பக்கத்தில் இருந்தார். இங்கோ, இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. செலவுக்கு அஞ்சி விடியட்டும் எனக் காத்திருக்கின்றனர். அன்றேல், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிற்கு ஓடுகின்றனர். இரண்டுமே எப்போதும் சரியன்று.

அவசரப் பிரிவு இயங்கும் முறையை அறிந்தால் இது விளங்கும். தமிழக அரசின் பெரிய மருத்துவமனைகளில், விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கின்றனர். உயிர் ஊசலாடுவோர் சிவப்பு, அவர்க்கே முதலிடம். சிறு காயம், சாதாரணக் காய்ச்சல் ஆகியவை பச்சை. அவர்கள் நெடுநேரம் காத்திருக்க நேரும். அது புறக்கணிப்பன்று, முறை. ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு முதலுதவிப் பாடம் நடத்திய நாள்களில், கட்டுப் போடுவதற்கு முன்பே இந்தப் பகுத்தறிதலைத்தான் நாம் கற்பித்தோம்.

பச்சை வகையினர்க்கு உரிய இடம் அருகிலேயே, கட்டணமின்றி உள்ளது. படப்பையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. நகரப் பகுதிகளுக்கென 2023 ஜூன் 6 அன்று ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் தமிழக அரசு திறந்தது. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இவை இயங்குமென வகுத்தனர். வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பும் பொழுதிலும் மருத்துவர் இருப்பது பெரும் உதவி. இங்கிலாந்திலும் இதே எண்ணத்துடன் அவசர சிகிச்சை மையங்களைத் தனியே நடத்துகின்றனர். நாளொன்றுக்கு 12 மணி நேரமாவது அவை திறந்திருக்க வேண்டும் என்பது விதி. உயிராபத்துக்கு 999, ஏனையவற்றுக்கு 111 என அங்கே எண்களும் வேறு. நமக்கு 108-ம், ஆலோசனைக்கு 104-ம் உள்ளன.

நாய்க்கடியை எடுத்துக்கொள்வோம். கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. தடுப்பூசி அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். ஆட்டின் மூளையிலிருந்து செய்து தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியை நினைத்து நம்மில் மூத்தோர் தயங்குவதுண்டு. அவ்வூசி இந்நாட்டில் கைவிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது போடுவது கையில்.

ஆனால், இலவசம், அருகில் என்பதற்காக எல்லாவற்றையும் அங்கே கொண்டு செல்லலாகாது. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தப்படல் வேண்டும். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் அதைச் செலுத்த இயலாது. ஆகவே 108-ஐ அழைத்து, வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே விரைக. நெஞ்சுவலிக்கும் 108 தான். எனினும் ஊர்தி வரத் தாமதமாகி, ஆரம்ப சுகாதார நிலையம் அருகில் இருப்பின், 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி அங்கே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலனுப்புவர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் லாரிகள் ஓயாது ஓடுவதை நாம் அறிவோம். சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்கீழ், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வகுத்த வரம்புக்குள், கட்டணமில்லை.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என மருத்துவத்தை நான்காகக் காண்கிறது. நம்மால் உடனே செம்மைப்படுத்தக் கூடியது நான்காவது. பொழுது சாய்ந்தபின் உண்ணா விரதம் உடையவர், தசலட்சண நாள்களில் உபவாசம் இருப்பவர் ஆகியோரின் உடனிருப்பவர் அதனை மருத்துவரிடம் முதலிலேயே கூறிவிட வேண்டும். மாத்திரை வேளைகளைப் பகலுக்குள் அமைக்க இயலுமா எனக் கேட்கலாம். சர்க்கரை நோயாளி உபவாசத்தில் வியர்த்து நடுங்கினால், நினைவு தப்புமுன் சர்க்கரை நீர் கொடுத்தே ஆக வேண்டும். விரதத்திற்குப் பிராயச்சித்தம் உண்டு. மயங்கி வீழ்ந்தபின் அவர் வாயில் நீர் ஊற்றவும் ஆகாது.

நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. நோயாளித் துறவி வடிவில் வந்த தேவன் உணவை உமிழ்ந்தபோதும் அருவருக்காது பணிசெய்த உத்தாயன மன்னனை, சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் நிர்விசிகித்சைக்குச் சான்றாகக் காட்டினார். இல்லறத்தார் அப்பணிவிடையைத் தம் முதியோரிடமும் அண்டை அயலாரிடமும் தொடங்கலாம்.

கொடையாளர்க்கு ஒரு சொல். முகாம்களை நாம் இகழவில்லை; கண்புரை முகாம்களால் பார்வை பெற்றோர் பலர். ஆயினும் காய்ச்சல் முகாம் நாளுக்காகக் காத்திராது. ஒருநாள் பந்தலுக்கும் பதாகைக்கும் ஆகும் பணத்தில், தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் நாள்தோறும் மாலை இரண்டு மணி நேரம் அமரும் இலவச அறையைச் சில வாரங்களேனும் நடத்தலாம் என்பது நம் கணிப்பு. பல குடும்பங்கள் முறைவைத்து ஏற்றால் ஆண்டு முழுவதும் நடக்கும்.

அதுவரை, ஜினாலய அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவோம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, மருத்துவர் எந்நேரம் இருப்பார், இரவில் செவிலியர் உண்டா, நாய்க்கடி ஊசி இருப்பில் உள்ளதா என்பவற்றை நேரில் விசாரித்து எழுதிவரும் வேலையை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மூன்று மாதத்திற்கொருமுறை அவர்களே சென்று திருத்தட்டும்.