நரம்பும் இலக்கமும்

நரம்பு அதிர, அவ்வதிர்வு காற்றிலே பரவ, செவி இன்புறும் என்பது பண்டைத் தமிழர் யாழ்கொண்டு அறிந்த உண்மை. இன்றோ நரம்பு இன்றியும் நரம்பொலி எழுகின்றது. முந்தற் கரையிலே திருமண வீடுகளிலும் விழா மேடைகளிலும் கித்தார் ஏந்த விழையும் இளைஞர், "மரக் கித்தார் வாங்குவதா, இலக்கமுறைக் கித்தார் வாங்குவதா?" என வினவுதல் இயல்பே. இதற்கு விடை காண்பதற்கு அவ்விரு கருவிகளும் ஒலியை எவ்வாறு பிறப்பிக்கின்றன என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

மரக் கித்தார்

இன்று வழங்கும் ஆறு நரம்புக் கித்தாரின் அமைப்பைப் பெரிதும் செப்பஞ் செய்தவர் ஸ்பானிய நாட்டுக் கைவினைஞராகிய அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) ஆவார். இதன் நரம்பு அதிரும் நீளம் ஏறத்தாழ 65 சதமமீற்றர். பௌதிகவியல் ஆய்வுகூடத்திலே சுரமானியைக் கையாண்ட மாணவர் இக்கருவியின் இயல்பை எளிதில் உணர்வர். நரம்பின் நீளம் அரைவாசியானால் மீடிறன் இருமடங்காகும். பன்னிரண்டாம் மெட்டில் விரல் பதித்தால் மேல்ஸ்தாயிச் சுரம் பிறப்பது இதனாலேயே. இழுவை நான்கு மடங்கானாலும் மீடிறன் இருமடங்காகும்.

நரம்பு மெலியதாதலின் அது தானே காற்றைப் பெரிதும் அசைக்க வல்லதன்று. அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகையை அடையப் பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும் உடன் அதிர்ந்து ஒலியைப் பெருக்குகின்றன. மெட்டில் அழுத்திய நரம்பை விரலாற் பக்கமாக இழுப்பின் இழுவை கூடிச் சுரம் சிறிது சிறிதாக உயரும். வீணையிலே கமகம் பிறப்பதற்கும் இதுவே ஏதுவாகும்.

மின் கித்தார்

மின் கித்தாரையும் இலக்கமுறைக் கித்தாரையும் ஒன்றெனக் கருதுவார் பலர். அது பிழையாகும். மின் கித்தாரில் உருக்குக் கம்பி ஒரு காந்தத்தின்முன் அதிர்கின்றது. அதனாற் கம்பிச்சுருளில் எழும் மின்னோட்டம் பெருக்கப்பட்டு ஒலியாகின்றது. ஒலிக்கு மூலம் அங்கும் நரம்பே. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969–2014) ஐந்து தந்திகளையுடைய மின் மாண்டலினிலே கருநாடக இசையின் நுண்ணிய கமகங்களை வாசித்து உலகை வியப்பித்தார். மின்சாரம் கமகத்துக்குப் பகையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இலக்கமுறைக் கித்தார்

இலக்கமுறையில் ஒலி எண்களாகக் காக்கப்படுகின்றது. இசைத்தட்டுக்குரிய முறையிலே ஒரு செக்கனுக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்பட்டு எண்ணாக எழுதப்படும். நரம்பொலியைக் கணக்கினாலேயே ஆக்கும் வழியொன்றைக் கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்னும் இருவர் 1983இல் வெளியிட்டனர். 1987இல் வெளிவந்த கசியோ டிஜி-20 என்னும் கித்தாரில் நைலோன் நரம்புகள் இருந்தன. ஆயினும் அவற்றைச் சுருதி கூட்ட வேண்டுவதில்லை. நரம்பைத் தீண்டுவது ஓர் ஆளியை அழுத்துவது போன்றதே. சுரத்தைப் பிறப்பித்தது உள்ளிருந்த இலத்திரனியற் சுற்று.

பிறிதொரு வகையில் மெய்யான நரம்பு அதிர, அதன் சுரம் யாதெனப் பொறி கண்டறிந்து, அதற்கேற்ப வேறொரு கருவியின் ஒலியை எழுப்பும். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. கித்தாரின் தடித்த நரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. ஓர் அதிர்வுக்கு 12 மில்லிசெக்கன் செல்லும். இரண்டு அதிர்வுகளையேனும் நோக்கியே சுரத்தைத் துணிய வேண்டுமெனின் 24 மில்லிசெக்கன் கழிந்துவிடும். மெல்லிய நரம்புக்கோ, அது செக்கனுக்கு 330 முறை அதிர்வதாதலின், 6 மில்லிசெக்கனே போதும். ஆகவே தடித்த நரம்பிற் பொறி சற்றே பிந்துவதை விரைந்து வாசிப்போர் விரலினாலேயே உணர்வர்.

நன்மையும் குறையும்

இலக்கமுறைக் கருவியின் நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று. அயலார் உறங்கும் இரவிலும் செவிப்பொறி அணிந்து பயிலலாம். குழல், வயலின் முதலிய பிறவொலிகளையும் எழுப்பலாம். வாசித்ததை உடனே கணினியிற் பதியலாம். உப்புக் காற்று வீசும் நமது கரையிலே உருக்கு நரம்பு விரைவில் துருவேறும். ஈரத்தால் மரமும் வளையும். இவ்வின்னல் ஆளி வகைக் கருவியில் இல்லை. ஆயின் அதே உப்புக் காற்று இலத்திரனியற் சுற்றின் உலோக இணைப்புகளை அரிக்கும். மரம் பழுதுற்றால் ஊர்த் தச்சரும் ஓரளவு திருத்துவர். சுற்றுப் பழுதுற்றால் நகரை நாடவேண்டும்.

இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. சுருதி ஒருபோதும் கலையாத கருவியிலே தொடங்கும் மாணவன் சுருதி கூட்டக் கற்பதில்லை. நரம்பை முறுக்கி, தளர்த்தி, இரண்டு சுரங்கள் ஒன்றும்போது எழும் அமைதியைச் செவியால் தேர்வதே இசைக்கல்வியின் அரிச்சுவடி. அதனைப் பொறி செய்து கொடுத்துவிடின் விரல் வளரும், செவி வளராது.

முடிபு

ஆதலின் தொடக்கத்தில் எளிய நைலோன் நரம்பு மரக் கித்தார் ஒன்றே வாங்குக, நைலோன் துருவேறாது. ஈராண்டு பயின்று, கருவியின் துணையின்றிச் சுருதி கூட்டத் தெரிந்தபின் இலக்கமுறைக் கருவியைக் கொள்க. அப்போது அது ஏவலாளாய் நின்று உதவும்.

காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் திருக்கொள்ளம்பூதூரிலே 'யாழ் நூலை' அரங்கேற்றினார். கைகள் ஒரு கருவியை விட்டபின் அதனை ஏட்டினின்று மீட்பதற்கு ஓர் அறிஞரின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேண்டியதாயிற்று. நரம்பைச் செவியாற் கூட்டும் திறன் இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ளது. அதனைக் கைவிடாது காத்தல் நம் கடன்.