உயிரணு ஆராய்ச்சியும் மேற்கோள் கணக்கும்

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலத் தோட்டங்கள் தொடங்குகின்றன. ஏலச் செடியின் உயிரணுவை ஆராய்ந்து ஒருவர் கட்டுரை வெளியிடுகிறார் எனக் கொள்வோம். ஏலம் விளையும் நாடுகள் சிலவே; அதனை ஆய்வோரும் சிலரே. ஆகவே அக்கட்டுரையை எடுத்துக்காட்டுவோரும் சிலராகவே இருப்பர். புற்றுநோய் உயிரணுவைப் பற்றி எழுதியவருக்கோ மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவியும். இதனால் முன்னவர் சிறியவர், பின்னவர் பெரியவர் என்று முடிவு கட்டலாமா? ஆராய்ச்சித் துறையில் புக விரும்பும் மாணவர் அனைவரும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

முதலில் கணக்கின் முறையை அறிவோம். ஒரு கட்டுரையைப் பிற்காலக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதே மேற்கோள் எண்ணிக்கை. இதற்கென ஓர் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் எழுதினார். 1964இல் அதனைத் தொடர் வெளியீடாக்கினார். 2005இல் இயற்பியலறிஞர் ஹிர்ஷ் ‘எச்-குறியீடு’ என்னும் அளவை வகுத்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 20, 12, 6, 4, 1 மேற்கோள்கள் பெற்றிருப்பின், குறைந்தது 4 மேற்கோள் பெற்றவை 4 கட்டுரைகள். எனவே அவருடைய குறியீடு 4.

இக்கணக்கு எங்கே இடறுகிறது என்பதற்கு ஜானகி அம்மாளின் வரலாறே சான்று. 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் இவ்வம்மையார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து கண்ட முடிவை 1938இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். பின்னர் இலண்டன் சென்று, டார்லிங்டனுடன் சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்னும் பெருநூலை எழுதினார். எந்தச் செடியை எதனுடன் கலக்கலாம் எனத் தேடுவோர்க்கு அது கைவிளக்காயிற்று.

இந்நூலின் மேற்கோள் வரவு என்னவாயிற்று? அச்சிட்ட மேற்கோள் அட்டவணையில் ஒரு நூல் முதல் ஆசிரியர் பெயரின்கீழ் மட்டுமே இடம்பெற்றது. எனவே வரவு டார்லிங்டன் பெயரில் விழுந்தது. 1955இல் நூல் விரிந்து, பூக்கும் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என மறுவடிவம் பெற்றபோது, ஆசிரியர்களாக நின்றவர்கள் டார்லிங்டனும் வைலியும். அம்மையாரின் பெயர் அங்கே இல்லை. மேலும், ‘அம்மாள்’ என்னும் மரியாதைச் சொல்லையே குடும்பப் பெயராக எண்ணிச் சிலர் ‘அம்மாள், ஈ. கே. ஜே.’ என எழுதினர். வேறு சிலர் ‘ஜானகி அம்மாள்’ என எழுதினர். ஒருவரே இருவராகப் பிரிந்தார்! தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மாணவர்க்கு இவ்விடர் இன்றும் உண்டு.

மறுபுறமும் காண்க. உலகில் மிகுதியான மேற்கோள் பெற்ற கட்டுரை, புரதத்தின் அளவைக் காண லௌரியும் துணைவரும் 1951இல் வெளியிட்ட செய்முறையே. 2014இல் அதன் மேற்கோள்கள் மூன்று இலட்சத்தைத் தாண்டியிருந்தன. எனினும் அது பெரிய கட்டுரையன்று என லௌரியே கருதினார். ஆய்வகந்தோறும் பயன்பட்டதால் எண்ணிக்கை உயர்ந்தது. ஆக, எண்ணிக்கை காட்டுவது பயன்பாட்டின் ஒரு பகுதியை. சிந்தனையின் ஆழத்தை அன்று.

இதனை உயிரணுவியலாரே உணர்ந்தனர். 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க உயிரணுவியல் கழகக் கூட்டத்தையொட்டி ஓர் அறிக்கை உருவாகி, மறு ஆண்டு வெளிவந்தது. கட்டுரை வெளியான இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளரின் தகுதியை அளக்கலாகாது என்பது அதன் சாரம்.

நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? முதலாவது, முதற் கட்டுரை தொடங்கி ஒரே பெயர் வடிவத்தைக் கையாளுக. ஆராய்ச்சியாளர்க்கென வழங்கப்படும் ‘ஆர்கிட்’ எண்ணையும் பெற்றுக்கொள்க. இரண்டாவது, கூட்டுக் கட்டுரையில் எவர் எப்பணியைச் செய்தார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துக. மூன்றாவது, பிறர் ஆராய்ச்சியை மதிப்பிடும் பொறுப்பு நம்மிடம் வருமாயின், எண்ணைப் பார்க்குமுன் கட்டுரையைப் படிப்போமாக. அவ்வழக்கம் வேரூன்றினால், ஏலச் செடியை ஆராய்பவருக்கும் உரிய மதிப்புக் கிடைக்கும்.