தமிழ்ப் பெயர்ப் பட்டியலை வேறு டேட்டாபேஸுக்கு மாற்றுகிறீர்களா?

குருசுக்குப்பம் முகவரிப் பட்டியலை மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரெஸுக்குக் கொண்டுபோனால், ஒரே பெயருள்ள ஃபங்ஷன் வேறு விடை தரும். முன்கூட்டியே சரிபாருங்கள்.

1. மைஎஸ்க்யூஎல்லில் எழுத்தை எண்ண 'லெங்த்' வேண்டாம், 'கேர்_லெங்த்' எழுதுங்கள். 'லெங்த்' பைட்டுகளையே எண்ணும்: யூடிஎஃப்-8இல் 'குருசுக்குப்பம்' என்பதற்கு 45. போஸ்ட்கிரெஸ் 'லெங்த்' 15 தரும். நம் கணக்கில் 8 எழுத்துதான். புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 15. எனவே பெயருக்கான இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

2. இனிஷியலைப் பெயரோடு 'கான்கேட்' செய்யுமுன் 'கோயலெஸ்' போடுங்கள். இனிஷியல் 'நல்' என்றால் மைஎஸ்க்யூஎல்லில் முழுப்பெயரும் 'நல்' ஆகிவிடும். போஸ்ட்கிரெஸில் பெயர் தப்பிக்கும்.

3. 'நவ்' வேண்டாம், 'கரண்ட்_டைம்ஸ்டாம்ப்' எழுதுங்கள். அது ஆரக்கிளிலும் ஓடும்.

4. தமிழ்ப் பெயர்களைக் கொண்டே சோதியுங்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரே பைட் என்பதால் முதல் பிழை கண்ணில் படாது.