ஞாயிறு பூசையும் 49 வேதசாட்சிகளும்



"சர்வேசுரன் எங்கும் இருக்கிறார். வீட்டிலேயே செபமாலை சொல்லிக்கொள்கிறோம். ஞாயிறுதோறும் கோவிலுக்கு வந்துதான் ஆகவேண்டுமோ?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கெட்டவர்களல்ல, வாரமெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள். ஆனால் இந்த எண்ணம் புதியதன்று. ஏறக்குறைய 1,700 வருடங்களுக்கு முன் ஒரு நீதிபதியும் இப்படித்தான் எண்ணினான். அவனுக்குக் கிடைத்த மறுமொழியை நாமும் கேட்பது நல்லது.

303-ம் ஆண்டில் உரோமைச் சக்கரவர்த்தி தியோக்கிளேசியன் வேதகலாபனையைத் தொடங்கினான். கோவில்களை இடிக்கவும், வேதாகமங்களை எரிக்கவும், கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடாதபடி தடுக்கவும் கட்டளை பிறந்தது. இன்று துனீசியா எனப்படும் வட ஆப்பிரிக்க நாட்டில் அபித்தினே என்ற ஊர் இருந்தது. அவ்வூர் மேற்றிராணியாரே வேதாகமங்களை அதிகாரிகள் கையில் ஒப்படைத்துவிட்டார். மேய்ப்பன் தளர்ந்தும் மந்தை சிதறவில்லை. சத்துர்னீன் என்ற குருவானவரோடு விசுவாசிகள் வீடுகளில் கூடிப் பூசை கண்டுவந்தார்கள். கடைசியில் ஆணும் பெண்ணுமாக 49 பேர் பிடிபட்டு, கார்த்தாகோ நகரில் தேசாதிபதி அனுலீன் முன் நிறுத்தப்பட்டார்கள். அது 304-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம் 12-ம் நாள்.

எமெரித்து என்பவர், தம் வீட்டில் கூட்டம் நடந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஏன் தடுக்கவில்லை என்று தேசாதிபதி கேட்டான். வந்தவர்கள் தம் சகோதரர் என்றும், ஆண்டவருடைய நாளின் பலியின்றித் தங்களால் இருக்க முடியாது என்றும் அவர் விடையளித்தார். சத்துர்னீன் குருவின் இளைய மகன் இலாரியான் சிறு பிள்ளை. மூக்கையும் காதையும் அறுப்பதாக மிரட்டியும் அப்பிள்ளை அசையவில்லை.

இன்னொருவரிடம் தேசாதிபதி, நீ கிறிஸ்தவனா என்பதல்ல என் கேள்வி, கூட்டத்தில் இருந்தாயா என்பதே என்றான். இங்கேதான் அவன் எண்ணம் வெளிப்பட்டது. கூட்டத்தை விட்டுவிட்டும் ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்று அவன் நினைத்தான். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே அந்த வேதசாட்சிகளின் மறுமொழி. அதற்காகச் சித்திரவதையும் சிறையும் ஏற்றார்கள்.

நாம் ஞானஸ்நானம் பெற்றபோது தனித்தனி ஆத்துமங்களாக மட்டும் இரட்சிக்கப்படவில்லை. கிறிஸ்துநாதருடைய ஒரே சரீரத்தின் உறுப்புக்களானோம். சரீரத்தை விட்டுப் பிரிந்த கை தானாக உயிர்வாழுமோ? வீட்டுச் செபம் மிகவும் அவசியம். ஆனால் அது பலிபூசைக்கு நம்மை ஆயத்தப்படுத்துவது, பூசைக்கு ஈடாகாது. 2020-ம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் கோவில் கதவுகள் அடைபட்டபோது, தொலைக்காட்சியில் பூசையைக் கண்டோம். அது ஆறுதல் தந்தது, உண்மைதான். ஆனாலும் திரையிலிருந்து தேவநற்கருணையை உட்கொள்ள முடியவில்லை. அருகிலிருப்பவருக்குச் சமாதானம் கூறவும் முடியவில்லை.

நோயாளிகளையும், கைக்குழந்தையைப் பராமரிக்கிறவர்களையும், வேறு தக்க காரணத்தால் வர இயலாதவர்களையும் திருச்சபை இக்கடனால் நெருக்குவதில்லை. ஞாயிறன்று தவிர்க்க முடியாத வேலை உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை மாலைப் பூசையாலும் கடன் நிறைவேறும். அன்னையின் கருணை அவ்வளவு! ஆனால் உடல்நலமிருந்தும், வழியிருந்தும், சோம்பலால் நின்றுவிடுகிற நாம் என்ன சொல்வோம்?

குடும்பத் தலைவர்களே, ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராத ஞாயிற்றில் உங்கள் இடம் காலியாயிருக்கிறது. அதைப் பார்க்கிறவர்களில் தனிமையால் வாடும் விதவை ஒருத்தி இருக்கலாம். விசுவாசம் தளர்ந்த வாலிபன் ஒருவன் இருக்கலாம். நீங்கள் வருவதே அவர்களுக்கு ஒரு பிரசங்கம். உங்கள் பிள்ளைகளுக்கோ அதைவிடப் பெரிய ஞான உபதேசம் வேறில்லை.

ஆகையால் இந்தச் சனிக்கிழமை இரவே பிள்ளைகளின் உடுப்புகளை எடுத்துவையுங்கள், அன்றைய சுவிசேஷத்தை வீட்டில் ஒருமுறை வாசியுங்கள், நேரத்தோடு படுங்கள். காலையில் பூசை மணி அடிக்குமுன் குடும்பமாகப் புறப்படுங்கள். வழியில் தனித்திருக்கும் ஒரு வீட்டுக் கதவையும் தட்டி அழைத்து வாருங்கள்.