சிறுநீரக நோயாளரும் கால் தமனி நோயும்

முன்னுரை

மருத்துவ அறிவியல் மனித குலத்திற்கு வழங்கிய பெருங்கொடைகளுள் ‘டயாலிசிஸ்’ எனப்படும் குருதித் தூய்மிப்பும் ஒன்றாகும். 1943ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் இதற்குரிய பொறியை உருவாக்கினார். அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கப்பெற்ற இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசின் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் இடம்பெற்றுள்ளது. ஆதலின் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து எளியோர்க்கும் இச்சிகிச்சை எட்டாக் கனியன்று. எனினும், பொறி உயிரைக் காக்கும். காலைக் காப்பதற்கு நோயாளரின் விழிப்பும் வேண்டும்.

தாதுக்களின் சமநிலை

நலமுள்ள சிறுநீரகம் மிகுதியான பாஸ்பரசை வெளியேற்றுகிறது. வைட்டமின் ‘டி’யைச் செயல்நிலைக்குக் கொணர்கிறது. அது பழுதுறின் குருதியில் பாஸ்பரஸ் பெருகும். பாராதைராய்டு சுரப்பி அளவுமீறிச் சுரக்கும். எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து வெளிவரும். இவ்விரு தாதுக்களும் தமனிச் சுவரில் படிய, நெகிழ்ந்து துடிக்க வேண்டிய குழாய் சுண்ணாம்புக் குழாய்போல் இறுகுகிறது.

வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்தும் இஃது ஏன் நேர்கிறது? நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றில் சுமார் 800 மில்லிகிராம் பாஸ்பரசே நீங்கும், வாரத்திற்கு 2400. உணவிலிருந்து நாள்தோறும் 600 மில்லிகிராம் உடலிற் சேர்ந்தால், வாரத்திற்கு 4200 ஆகும். எஞ்சியதை உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையுமே ஈடுசெய்ய வேண்டும்.

மறைந்து தாக்கும் நோய்

கால் தமனி சுருங்கினால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். ஆயின் சிறுநீரக நோயாளர் மிகுதியாக நடப்பதில்லை. சர்க்கரை நோயுடையோர்க்கு உணர்வும் மங்கியிருக்கும். எனவே வலி காட்டிக்கொடுப்பதில்லை. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் 0.9க்குக் குறைந்த அளவு நோயைக் குறிக்கும். இறுகிய தமனியோ அழுத்தத்திற்கு இணங்காமையால், நோயிருந்தும் அளவு இயல்பாகவோ 1.4க்கு மேலாகவோ தோன்றக்கூடும். அந்நிலையில் கால்விரல் அழுத்தச் சோதனையும் டாப்ளர் சோதனையும் உண்மையை உணர்த்தும்.

காக்கும் வழிகள்

கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரை மக்களுக்குக் கருவாடு விருப்பமான உணவு. அதன் உப்பு தாகத்தை வளர்க்கும். முள்ளோடு உண்ணும் நெத்திலி பாஸ்பரசைக் கூட்டும். புரதம் தேவையாதலால் மருத்துவர் கூறும் அளவில் புதுமீன் உண்ணலாம். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடலிற் சேர்வதில்லை. கோலா பானத்திலும் பொட்டலத் தின்பண்டங்களிலும் கலக்கப்படும் பாஸ்பேட்டோ ஏறத்தாழ முழுமையாகச் சேர்கிறது.

பாஸ்பரசைப் பிணைக்கும் மாத்திரையை உணவோடு உட்கொள்ளுதல் வேண்டும். வெறும் வயிற்றில் அதனாற் பயனில்லை. கால்சியம் மாத்திரைகளைத் தாமே கூட்டிக்கொள்வது தமனிக்குக் கேடாகும்.

நாள்தோறும் பாதத்தையும் விரலிடுக்குகளையும் வீட்டார் பார்த்தல் நலம். வெறுங்காலுடன் நடத்தல், வெந்நீர் ஒற்றடம், பீடி, புகையிலை ஆகியவற்றை விலக்குக. ஆறாத புண், கருமை, குளிர்ச்சி தோன்றின் அன்றே மருத்துவமனையை நாடுக. உரிய காலத்தில் பலூன் சிகிச்சையோ மாற்றுவழி அறுவையோ செய்தால், காலை இழவாது காக்க வாய்ப்புண்டு.

முடிவுரை

டயாலிசிஸ் அறையில் நோயாளரின் கைக்குக் கிட்டும் கவனம் அவர்தம் காலுக்கும் கிட்டுதல் வேண்டும். கற்றறிந்த மாணவர் தம் இல்லத்து முதியோர்க்கு இதனை எடுத்துரைப்பின், அதுவே கல்வியின் பயனாகும்.